இரண்டு காவல்காரர்களும் பத்தொன்பதாவது பெட்டியும்

இன்னும் நாற்பத்து மூன்று நாள் பாக்கி இருந்தது. வினையே அதுதான்.

என் பழைய ஆன்டிவைரஸின் ஆயுளைச் சொல்கிறேன். புதியதுக்கு மாறும்படி ஒரு மாதமாக எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாறினேன். ஆனால் பழையதை எடுக்க மனம் வரவில்லை. நாற்பத்து மூன்று நாள் உயிரோடு இருக்கப்போகிற ஒன்றை யாராவது தூக்கி எறிவார்களா? பற்பசை டியூபைக் கத்தரித்துத் திறந்து பார்க்கிறவன் நான்! இரண்டும் இருக்கட்டும், இரட்டைப் பாதுகாப்பு என்று நாட்குறிப்பில் எழுதினேன். பக்கத்தில் நேரமும் குறித்தேன். பகல் 12.10.

12.25-க்குக் கணினி படுத்தது.

அணைந்துவிடவில்லை. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி தசரா யானை மாதிரி ஆடி அசைந்து, நின்று நின்று வந்தது. திரையின் வலது மூலையில் ஒரு செய்தி – ‘சந்தேகத்துக்குரிய நபர் உள்ளே இருக்கிறார்.’ இடது மூலையிலும் அதே செய்தி. இது அதைச் சொல்கிறது... அது இதைச் சொல்கிறது!

வேறொரு நாளாக இருந்தால் காபி குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்திருப்பேன். அன்று மகாளய அமாவாசை. மறுநாள் நவராத்திரி.

மைசூரில் கொலு வைக்கிற வீடுகளுக்கு ஒரு சட்டம் உண்டு. மரத்தால் ஆன ராஜா-ராணி ஜோடி, இந்த ஊர்ப் பேச்சில் ‘பட்டத கொம்பெ’, முதலில் படியேற வேண்டும். அவர்கள் ஏறாமல் வேறு பொம்மை ஏறாது. எங்கள் ஜோடி, என் மனைவி மங்களாவுக்கு அவள் அம்மா கல்யாணத்தன்று கையில் கொடுத்தது. இருபத்தாறு வருடம்... ஒரு முறைகூடத் தவறியதில்லை.

"ஏங்க, லிஸ்ட்ட பாத்து ராஜா-ராணி எந்தப் பெட்டின்னு சொல்லுங்க. விளக்கேத்தறதுக்குள்ள வெச்சிடணும்."

லிஸ்ட்!

இங்கே என் பெருமையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் பொம்மைகள் இருநூற்றுப் பதினான்கு. பெட்டிகள் பத்தொன்பது. பெட்டிமேல் எண் மட்டுமே இருக்கும். எதில் என்ன, எந்த வரிசையில், எந்தப் பக்கம் தலை என்பதெல்லாம் கணினியில். பெயரைத் தட்டினால் பெட்டி எண்ணைக் காட்ட ஒரு சின்ன மேக்ரோகூட நானே எழுதி வைத்திருந்தேன். அந்த மேக்ரோவைத்தான் புதிய ஆன்டிவைரஸ் வைரஸ் என்று முடிவு கட்டியிருந்தது. ஃபைலைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டது. உள்ளே போட்ட இடமே சந்தேகத்துக்குரியது என்று பழையது அதற்கு இன்னொரு பூட்டு!

பதறவில்லை. பேக்கப் இல்லாதவனா நான்? பென் டிரைவைச் செருகினேன்.

அதையும் தின்றுவிட்டது.

"காகிதத்துல எழுதி வெக்கலியா?"

"காகிதம் தொலைஞ்சிடும்னுதானே மங்களா இதுல போட்டேன்..."

அவள் பார்த்த பார்வையை நாட்குறிப்பில் எழுதவில்லை.

பரணிலிருந்து பெட்டிகளை இறக்கினோம். ஒவ்வொன்றாகப் பிரித்தோம். செட்டியார், கிரிக்கெட் டீம், வாமனர், கழுத்தாடும் தஞ்சாவூர்ப் பெண்... கூடம் முழுக்கப் பழைய செய்தித்தாள். நடுவில் மங்களா, தலையில் வைக்கோல். பதினெட்டாவது பெட்டியும் காலி. ராஜா-ராணி இல்லை. எண்ணினால் பெட்டியே ஒன்று குறைந்தது. அது எங்கே இருக்கிறது? லிஸ்டைப் பார்த்தால் தெரியும்!

மங்களா வாமனரைத் திரும்பவும் தாளில் சுற்ற ஆரம்பித்தாள். நான் ரிப்பேர் கடைக்குப் போன் போட்டேன்.

ஐந்தரைக்கு ஷோபா வந்தார். தேவராஜ மொஹல்லாவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். திரையை ஒரு நிமிடம் பார்த்தார். சிரிப்பு தாங்கவில்லை.

"ஏன் அங்கிள், ஒரே கேட்டுக்கு ரெண்டு வாட்ச்மேன் போட்டிருக்கீங்க? இவன் அவனைத் திருடன்றான், அவன் இவனைத் திருடன்றான். ஓனர் நீங்க ரோட்ல நிக்கிறீங்க. அஷ்டே, அவ்ளோதான்!"

"லிஸ்ட் கிடைக்குமாம்மா?"

"கிடைக்கும். ஆனா நாளைக்குத்தான். கடைக்கு எடுத்துட்டுப் போகணும்."

நாளைக்கு! மங்களா அடுக்களைக்குள் போய்விட்டாள். ஷோபா வயர்களைப் பிடுங்கினார். மேஜைக்கு அடியில் குனிந்து சிபியுவைத் தூக்கினார். அதோடு ஒட்டிக்கொண்டு அடியில் விரித்திருந்த பூப்போட்ட துணியும் வந்தது.

"இதேன் அங்கிள், அடியில ட்ரங்க் பெட்டி?"

தகரப் பெட்டி. என் கையெழுத்தில், 19.

போன மழைக்குப் பரண் ஒழுகியது. மிக முக்கியமான பெட்டியைக் கண்ணெதிரே வைப்போம் என்று இங்கே கொண்டுவந்தேன். லிஸ்டில் குறித்தேன். குறித்துவிட்டதால் மறந்தேன். பிறகு, தரை ஈரம் படாமலிருக்கச் சிபியுவை அதன் மேலேயே ஏற்றினேன். பகலெல்லாம் நான் முழங்காலால் இடித்துக்கொண்டிருந்தது அந்தப் பெட்டியைத்தான்!

"மங்களா!" என்று நான் போட்ட கூச்சலில் ஷோபா சிபியுவைக் கீழே போட்டிருப்பார்.

ஆறு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது ராஜா-ராணி படியேறினார்கள். மங்களா ராணியின் ஜரிகையை நீவிவிட்டாள். பிறகு சிரித்தாள் பாருங்கள்... ஷோபாவும் சேர்ந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டோம் மூன்று பேரும்.

எனக்கு ஒன்று புரிந்தது. ஒரு பொருளை ஓரளவு பத்திரமாக வைத்தால் திருடனுக்குக் கிடைக்காது. ரொம்பப் பத்திரமாக வைத்தால்... நமக்கே கிடைக்காது.

மறுநாள் பழைய ஆன்டிவைரஸுக்கு ஷோபா விடைகொடுத்தார், நாற்பத்திரண்டு நாள் மீதியோடு. லிஸ்டும் வந்தது. பெட்டிகளின் மேல் மங்களா இப்போது எதில் என்ன என்று மார்க்கரில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

கணினி ஏன் படுத்தது என்பதற்கு ஷோபா இரண்டு வாட்ச்மேன் காரணம் சொன்னார். மங்களா சொன்னது வேறு: "ராஜா-ராணி தலைமேல ஏறி உக்காந்தா அது எப்படிங்க உருப்படும்?"

எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சிபியு மட்டும் இப்போது மேஜைமேல் இருக்கிறது.