போனுக்குப் பின்னால் நின்றவர்

புதுத்துணியின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறினால் எனக்கு வெட்கமாகிவிடுகிறது. தி.நகரில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இதே கதி. விற்கிற பெண் "வேற வெரைட்டி காட்டட்டுமாக்கா?" என்பாள். எடுத்த துணியை அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்துவிடுவேன்.

நாற்பத்தாறு வயதில் பெருங்குடி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, நடத்தைப் பகுப்பாய்வு படிக்கப் போனேன். பேச்சு வராத ஒருவர் ஏன் கத்துகிறார், ஏன் சுவரில் முட்டுகிறார் என்று பார்த்துக் குறித்து, அதற்குப் பதிலாக வேறொன்றைப் பழக்குகிற தொழில். படிப்பு முடிய இத்தனை மணிநேரம் களப்பணி செய்திருக்க வேண்டும். மேற்பார்வை செய்தவள் கடல் தாண்டி ஒரு குளிர் ஊரில் இருந்தாள். என் வயதில் பாதி. நான் வீடியோ காலில் போனைச் சாய்த்து நிறுத்தி வைப்பேன். அவள் பார்ப்பாள், என் காதுக்குள் பேசுவாள்.

"எல்லாமே சின்னப் பசங்க கேஸா இருக்கு. வெரைட்டி வேணும். பெரியவங்க ஒருத்தர், அப்புறம் ஒரு ஸ்கூல்."

புடவையைக் கையில் வைத்துக்கொண்டு மேட்சிங் ப்ளவுஸ் தேடுகிறவளைப் போல, ஒரு பெரியவரைத் தேடி அலைந்தேன்.

கிடைத்தது தி.நகரில் ஒரு ப்ளவுஸ்துணிக் கடையின் மாடி. திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. மனைவி போய் வருஷங்கள் ஆகியிருந்தன. இருபத்து மூன்று வயதில், பேச்சு வராத ஒரே மகள். அவள்தான் நான் தேடிய கேஸ். பிடிக்காததைச் செய்யச் சொன்னால் தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வாள். நுகத்தடி பட்ட இடம் போல அங்கே தோல் காய்த்துக் கறுத்திருந்தது. கடித்ததும் அண்ணாச்சி பதறி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார். ஆகவே அந்தக் கடிதான் அவளுடைய 'போதும்'. நான் பழக்க நினைத்தது ஒன்றே ஒன்று: போதுமென்றால் என் உள்ளங்கையில் தட்டு, நிறுத்திவிடுகிறேன். சின்ன விஷயம்தான். மாதக்கணக்கில் ஆகும்.

"எவ்ளோ நாள் ஆனாலும் சரி டீச்சர். நீங்க இருக்கியல்லா," என்றார் அண்ணாச்சி.

"இருக்கேன்," என்றேன். அடுத்து ஒரு பள்ளிக்கூடம் தேவைப்படுவதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கடை திறக்கும் முன், காலை எட்டு மணிக்குப் போவேன். துணி மடிக்கச் சொல்வேன். ஒரு நாள் தட்டுவாள், நாலு நாள் கடிப்பாள். மேற்பார்வை நாளன்று என் முதுகுக்குப் பின்னால், தையல் மிஷின் மேல் போனை நிறுத்தினேன். மடித்தாள். கடிக்கவில்லை. தட்டவும் இல்லை. அவள் கண் என் தோளைத் தாண்டி எங்கோ போயிருந்தது.

"சூப்பர், கடிக்கவே இல்லையே," என்றது காது.

பீரோ கண்ணாடியில் பார்த்தேன். போனுக்குப் பின்னால் அண்ணாச்சி. கையில் தங்க நிறச் சாட்டின் துண்டு. தண்ணீரில் வெயில் புரள்வது மாதிரி அதை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். மினுமினுப்பைக் கண்டால் அவளுக்கு உலகமே மறந்துபோகும்.

"என்ன அண்ணாச்சி இது?" என்றேன், போனை அணைத்த பிறகு.

"அந்தப் பொண்ணு ஒங்களுக்கு மார்க்கு போடுதுல்லா? இவ கடிச்சா ஒங்களுக்குல்லா கொறையும். சின்னப்பிள்ளைகிட்ட நீங்க ஏச்சு வாங்கணுமா?" சிரித்தார். "பள்ளிக்கூடத்துலயும் நான் அப்படித்தான். எனக்குப் படிப்பு வராது, அடுத்தவனுக்குப் பிட்டு குடுப்பேன்."

நானும் சிரித்தேன். செய்யாதீர்கள் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரமும் சாட்டின். அதற்கடுத்த வாரமும். நான் திருப்பி வைத்த பக்கத்தை மட்டும் பார்க்கிற கண் அந்தப் போன். கடிகளை எண்ணிக் குறித்த கிராஃபில் கோடு, கோடையில் மயிலாப்பூர்க் குளம் போல இறங்கிக்கொண்டே போனது.

கோடு தரை தட்டிய அன்று மேற்பார்வைக்காரி சொன்னாள்: "டார்கெட் முடிஞ்சுது. க்ளோஸ் பண்ணிடலாம். அடையார் ஸ்கூல்ல திங்கக்கிழமையே வரச் சொல்றாங்க. விட்டா அடுத்த வருஷம்தான்." பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்கவும் செய்தாள். அவள் மேல் பழி போட எனக்கு வழியே இல்லை. "நீங்க இல்லாதப்போ, அப்பாவோட இருக்கும்போதும் கடிக்கிறதில்லதானே?"

அன்று காலைதான் அந்த மணிக்கட்டில் புதுப் பல்தடம் பார்த்திருந்தேன். ஈரம் காயாத தடம்.

"ஆமா," என்றேன். கடல் தாண்டி அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். எத்தனை சுலபம்.

சனிக்கிழமை அண்ணாச்சியிடம் சொன்னேன். கையில் மீட்டர் கோலோடு நின்றிருந்தார்.

"நல்லாத்தான போவுது. ஏன் டீச்சர் நிறுத்துதிய?"

"நல்லாப் போனதாலதான் அண்ணாச்சி. மேடம் பார்த்தப்போ ஒரு தடவைகூடக் கடிக்கல. முடிஞ்சுதுன்னு எழுதியாச்சு."

அவர் மகளைப் பார்த்தார். அவள் தரையில் உட்கார்ந்து, மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ, கடிச்சிருந்தா இருந்திருப்பியளா?"

இன்னொரு பொய்க்கு என்னிடம் தெம்பில்லை. "இருந்திருப்பேன்."

மாடிப்படியை அடைத்துக்கொண்டு ஒரு துணிப் பொதி கிடந்தது. நான் இறங்குவதற்காகக் குனிந்து அதை ஓரமாக இழுத்துப் போட்டார். நிமிரவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கடிக்க விட்டிருப்பேனே டீச்சர்."