முந்தல் ரோட்டில் என் வலது பக்கம்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். போடியில் மோட்டார் பம்பு சாமான் விற்கிற கடை வைத்திருக்கிறேன், எந்தப் பம்பையும் கழற்றிப் பார்த்தால் கோளாறு தெரிந்துவிடும் என்கிற ஆள் நான். இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

சர்க்கரை வந்ததிலிருந்து விடிகாலையில் முந்தல் செக்போஸ்ட் வரை சைக்கிள் மிதிக்கிறேன். அதே நேரத்தில்தான் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலை மேலே போடிமெட்டுக்குப் பறக்கும். ரோட்டில் சைக்கிள் என்று ஒன்று போகிறதே, அதன் மேலும் ஓர் உயிர் உட்கார்ந்திருக்கிறதே என்ற நினைப்பு ஒருத்தனுக்கும் கிடையாது. என் மச்சினனை அப்படித்தான் ஒரு ஜீப் உரசித் தள்ளியது, இடுப்பெலும்பு முறிந்து இன்னும் படுக்கையில் கிடக்கிறான், தள்ளியவனோ 'அவராத்தான் குறுக்க வந்தாரு' என்று கூசாமல் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை. ஒருத்தனையாவது நிறுத்தி 'தப்பு என்னுதுதான்' என்று அவன் வாயால் சொல்ல வைக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்காகவே, உரசுகிற மாதிரி வருகிற ஜீப்பின் தகரத்தில் ஓங்கி ஓர் அறை விடுவேன். டமார் என்று கேட்டால் டிரைவர் திரும்பித்தானே ஆக வேண்டும்.

அன்றைக்கு மார்கழிப் பனி. முந்தலுக்கு முன்னால் இருக்கிற வளைவில் இடது ஓரத்தில், மண்ணை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் ஹாரன் கேட்டது, திரும்புவதற்குள் ஜீப் பக்கத்தில் வந்துவிட்டது, ஹாண்டில் பார் ஆடிப்போனது. வந்த ஆத்திரத்தில் வலது கையை ஓங்கி அறைந்தேன். நம்பினால் நம்புங்கள், தகரச் சத்தமே இல்லை. கை பட்டது நனைந்த துணியில், துணிக்குள் சதை, சில்லென்று இருந்தது. ஜீப்பில் தொங்கிக்கொண்டு வந்த யார் மேலோ பட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். பட்டால் படட்டும் என்று துரத்திக்கொண்டு மிதித்தேன்.

செக்போஸ்ட்டில் அந்த ஜீப் நின்றிருந்தது. சைக்கிளை முன்னால் குறுக்கே போட்டேன்.

"கண்ணு தெரியலயாடா ஒனக்கு? ஆளக் கொல்லப் பாத்தியே."

டிரைவர் இறங்கி வந்தான். என்னைவிடக் கோபமாக இருந்தான்.

"நீங்க பேசாதீங்கண்ணே. ரெண்டு சைக்கிளு சோடி போட்டு ரோட்ட அடைச்சுக்கிட்டுப் போனா நான் எங்கிட்டுப் போறது? எதுக்க லாரி வேற. அந்தம்மா மேல ஏத்தாம வண்டிய வெட்டி எடுத்ததே பெருசு."

"எந்தம்மாடா?"

அவன் பதில் சொல்வதற்குள் ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்திருந்த தோட்டத்துப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியம்மா கீழேயே இறங்கிவிட்டார்.

"பொம்பளய ரோட்டுப் பக்கமா ஓட்ட விட்டுட்டு நீ ஓரமாப் போற. அதுவும் பத்தாதுன்னு அவ நடுமுதுகுல ஓங்கி அடிக்கிற. நீயெல்லாம் மனுசனா?"

"நான் தனியாத்தான் வந்தேன் ஆத்தா."

"பொய் சொல்லாதய்யா. நாங்க அம்புட்டுப் பேரும் பாத்தோம்ல. பச்சச் சேல. அடி வாங்கியும் உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு வந்தா."

எல்லோரும் நான் வந்த ரோட்டைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அந்த ரோட்டிலிருந்து சைக்கிள் பிரிந்து போக வேறு பாதை கிடையாது, யாரும் வரவும் இல்லை. பெரியம்மா என் கையைப் பார்த்தார், அது இன்னும் ஈரமாக இருந்தது. டிரைவர் வெரசாக ஏறி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் சைக்கிளை விடவில்லை. எதற்கு விட வேண்டும், ரோடு என்ன ஜீப்புக்காரன் வீட்டுச் சொத்தா? இன்றைக்கும் வழி நெடுக உரசிக்கொண்டுதான் போகிறான்கள். ஆனால் அந்த வளைவில் மட்டும் ஜீப்பு, பஸ்சு, லாரி, எங்கிருந்தோ முதல்முறை மூணாறு பார்க்கப் போகிற வெளியூர்க் கார்கூட, ரோட்டின் மறு ஓரத்துக்கே ஒதுங்கி எனக்கு வழி விடுகிறது. ஒரு சைக்கிளுக்கு அவ்வளவு இடம் எவனும் விட மாட்டான். எனக்குக் கொடுக்காத மரியாதையை யாருக்கடா கொடுக்கிறீர்கள் என்று கத்தத் தோன்றும், அவ்வளவு ஆத்திரம் வரும். ஆனால் அந்த வளைவு முடிகிற வரைக்கும் வலது பக்கம் திரும்பிப் பார்க்க மட்டும் எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.