எங்களோடு சாப்பிடாதவர்

எங்கள் ஸ்டோர்ஸ் அதிகாரியை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது அவருடைய பெல்ட்தான். ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டி அவரே போட்டுக்கொண்ட ஓட்டைகள் அதில் ஏழெட்டு இருந்தன. மீந்த தோல் இடுப்பைச் சுற்றி முதுகுப்பக்கம் வரை போகும். எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டியில் ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே இரும்புக்கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. அவர் திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் வைணவக் குடும்பத்தில் பிறந்து, வேலைக்காகத் திருவொற்றியூரில் குடியிருந்தவர். நான் பொன்னேரிப் பக்கம் சேரியில் பிறந்த கிறிஸ்தவன். அப்பா ஊர்க்காரர்களின் வயலில் கூலிக்கு அறுத்தவர். இதைச் சொல்லாமல் மேற்கொண்டு சொல்ல முடியாது.

அவருக்குப் பெருத்த உடம்பு. ரயிலில் இரண்டு பேர் இடத்தை ஒருவராக அடைப்பார். நாங்கள் வைத்த பெயர் ரோடு ரோலர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவோம், அவரும் சிரிப்பார். மதியம் கேன்டீனில், ஒரே ரயிலில் போய்வரும் நாங்கள் ஆறு பேரும் டப்பாக்களைத் திறந்து நடுவில் தள்ளிவிட்டு, யார் டப்பாவில் யார் கை என்று பாராமல் சாப்பிடுவது எங்கள் வழக்கம். மீன், கருவாடு தவிர மற்ற எல்லாவற்றிலும் முதல் கை அவருடையதுதான். என் மனைவி செய்த கத்தரிக்காய்ப் பொரியலை என்னைக் கேட்காமலே காலி செய்வார். என் அப்பாவுக்கு அந்த மாதிரி வீடுகளில் தண்ணீரைக்கூட உயரத் தூக்கித்தான் ஊற்றினார்கள். அதனால் அவர் கை என் டப்பாவுக்குள் வரும்போதெல்லாம் எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும்.

ஒரு தடவை நீண்ட விடுப்பில் போனார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த டாக்டர் ஒருவர் மெட்ராஸில் தன் வயிற்றில் ஆபரேஷன் செய்ததாகவும், இனி எடை குறையும் என்றும் மட்டும் திரும்பி வந்து எங்களிடம் சொன்னார். குறைந்தது. ஆறே மாதத்தில் ஆள் பாதி. “இன்னா சார், மாப்ள மாதிரி ஆய்ட்டீங்க” என்று ஆளாளுக்குப் புகழ்ந்தோம். ஆனால் டப்பாவோடு கேன்டீனுக்கு வருவது நின்றுபோயிற்று. ஸ்டோர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிட்டார். ரயிலில் எங்கள் சீட்டுக்கச்சேரிக்கு வராமல், வேறு பெட்டியில் கக்கூஸ் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் கேன்டீன் வழியாகப் போனவரிடம் பொரியலை நீட்டினேன். வேண்டாம் என்று கையசைத்தார். எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்: “உடம்பு எளைச்சதும் ஜாதி ஞாபகம் வந்துட்சா சார்?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அப்டியே வெச்சுக்கோப்பா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. வருஷக்கணக்காகக் கூப்பிடவில்லை.

எழுபதுகள் முடிகிற சமயத்தில் எங்கள் தடத்தில் மின்சார ரயில் வந்தது. சீக்கிரம் வீடு போகலாம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். அதில் கக்கூஸ் கிடையாது என்பதை நாங்கள் யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. ஒரு சாயங்காலம் பொன்னேரியில் நான் இறங்கியபோது, பக்கத்துப் பெட்டியிலிருந்து அவரும் தன் ஊர் வருமுன்பே இறங்கிச் சுவரை ஒட்டி நின்றார். பேன்ட் நனைந்திருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஜனங்கள் விலகிப் போனார்கள். என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. தோளில் கிடந்த துண்டை அவர் இடுப்பில் சுற்றி வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

ஓலைத் தட்டி மறைப்பில் குளித்துவிட்டு, என் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். “குடல்ல முக்கால்வாசிய ஒதுக்கித் தெச்சிட்டாங்கப்பா. எது உள்ள போனாலும் தங்கறதில்ல. சாப்ட்ட கையோட ஓடணும். நாத்தம் வேற. உங்க நடுவுல எப்டி உக்காருவேன்?” என்றார். சாயங்காலமானால் கண் மங்குவதாகவும், நகமெல்லாம் உடைவதாகவும் சொன்னார். “பழையபடி மாத்தி வெக்கலாம்னு டாக்டர் சொல்றார். மறுபடியும் ரோடு ரோலர் ஆவணுமா?” என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “நீ ஜாதின்னு சொன்னே. இதச் சொல்றதுக்கு அதுவே தேவலைன்னு விட்டுட்டேன்.”

இதெல்லாம் தெரியாத என் மனைவி, வந்தவருக்குக் கிண்ணத்தில் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்து வைத்தாள். நான் தடுக்க எழுந்தேன். அவர் அதற்குள் கிண்ணத்தை எடுத்துவிட்டார். ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா” என்றார். அதனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அப்படியே ஆயிற்று. வெகுநேரம் கழித்துப் புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். “நோவ யார்கிட்டயும் சொல்லிடாதப்பா.” சொல்ல மாட்டேன் என்றேன்.

அடுத்த வருஷம் முடியாமல் வேலையை விட்டார். வழியனுப்பு விழா வைக்க யாரும் முன்வரவில்லை. பிறகு அவர் இறந்த செய்தி வந்தபோது திருவொற்றியூருக்குப் போனவன் நான் ஒருவன்தான். போவதற்கு முன் மற்றவர்களையும் கூப்பிட்டுப் பார்த்தேன். “உடு நைனா, நம்ம கையால தண்ணி கூட குடிக்காத ஆளு” என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நோயைத்தான் அவர் சொல்ல வேண்டாம் என்றார். என் வீட்டில் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் கூழ் குடித்தார் என்பதைச் சொல்லியிருக்கலாம்.