வெங்காயக் காய்ச்சல்

எனக்கு ஒரு புத்தகம் பிடித்துப்போனால் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. அரியலூர் நூலகத்தில் எடுத்துவந்த அந்தத் தடித்த புத்தகம் அப்படித்தான் என்னைப் பிடித்து ஆட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போன ஒருவரின் வாழ்க்கை. அவர் போனபோது அங்கே குடி, அடிதடி, வாயைத் திறந்தால் பொய். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பள்ளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையே அவர்கள் கையில் கொடுத்தார். பிள்ளை ஒன்று சொன்னால் துருவாமல் நம்பினார். இவரிடம் போய்ப் பொய் சொல்வதா என்று பிள்ளைகளுக்கே வெட்கம் வந்துவிட்டதாம்! ஐம்பதைத் தொடாமலே போய்ச் சேர்ந்தார். ஆனால் இன்று நம் பள்ளியில் ஒரு பிள்ளை ‘மாணவர் தலைவர்’ என்று சட்டையில் பட்டை குத்தி நிற்கிறதே, அதில்கூட அவர் கை இருக்கிறது. பிரம்பை மட்டும் அவரும் முழுசாக விடவில்லை. அந்தப் பக்கம் வந்ததும் எனக்குக் கோபம், புத்தகத்தைப் பட்டென்று மூடினேன். அவர் விடாவிட்டால் போகட்டும், நான் விடுகிறேன்.

அப்போது குன்னம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியை. மறுநாள் காலை வழிபாட்டிலேயே அறிவித்தேன்: “இனிமே நீங்க சொல்றத நம்புவேன். சாட்சி கேக்க மாட்டேன்.” பன்னிரண்டாம் வகுப்பில் துடுக்கான ஒரு பெண்ணைத் தலைவியாக்கினேன். ஆசிரியர் அறையில் ஒரே சிரிப்பு. “வெங்காயம் பிடுங்குற மாசம் வரட்டும் டீச்சர்,” என்றார் கணக்கு ஆசிரியர். “பிரம்ப நீங்களே தேடுவீங்க.”

எனக்குச் சுர்ரென்றது. ஆனால் அவர் சொன்னதில் பொய்யில்லை. எங்கள் பக்கம் சின்ன வெங்காயம் பிடுங்க ஆரம்பித்தால் பாதிப் பள்ளிக்கு ஒரே நாளில் காய்ச்சல் வந்துவிடும். அந்த மாதமும் வந்தது. ஒரு காலையில் மேசைமேல் கட்டுக் கட்டாய் விடுப்புக் கடிதம், எல்லாவற்றிலும் கடும் காய்ச்சல். முதல் கடிதமே தலைவியுடையது!

நம்புகிறேன் என்று சொன்னவள் நம்பத்தானே வேண்டும்? ரொட்டி பாக்கெட்டுகள் வாங்கி ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டு நோயாளிகளைப் பார்க்கக் கிளம்பினேன். தலைவி வீடு பூட்டியிருந்தது. அவர்களுடைய வெங்காயக் காட்டுக்குப் போனேன். வரப்பில் நின்று, சிரிக்காமல், “காய்ச்சல் எப்படிம்மா இருக்கு?” என்று ரொட்டியை நீட்டினேன். அவள் கையில் வெங்காயத்தோடு மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுவாரம் அவளிடமிருந்து வந்த கடிதத்தில் இப்படி எழுதியிருந்தது: “நாளை எங்கள் காட்டில் வெங்காயம். வர இயலாது. காய்ச்சல் இல்லை.” அவளைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் அப்படியே எழுதினார்கள். அடடா, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! அந்தக் கடிதங்களைக் கணக்கு ஆசிரியர் மேசையில் கொண்டுபோய்ப் பரப்பினேன். அன்றே ஒரு வழக்கமும் போட்டேன்: யாருக்குக் காய்ச்சல் என்றாலும் தலைவி ரொட்டியோடு போய்ப் பார்த்துவர வேண்டும்.

அடுத்த முகூர்த்தத்தில் அரியலூரில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். காலையில் உதவித் தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். எத்தனை வருஷப் பழக்கம்! வாய் தானாகச் சொல்லிவிட்டது, “காய்ச்சல்” என்று.

பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லியுமாக நான் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தேன். கேட்டைத் தள்ளிக்கொண்டு தலைவி வந்தாள். சைக்கிள் கூடையில் ரொட்டி பாக்கெட்.

முகம் குப்பென்று சுட்டது. ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம், அவளும் தலையாட்டிவிடுவாள். ஆனால் நாளை முதல் அந்தப் பிள்ளைகளின் கடிதத்தை எந்த முகத்தோடு வாங்குவேன்?

“காய்ச்சல்னு சொன்னாங்க டீச்சர்,” என்றாள். கிண்டலே இல்லை. “நம்பித்தான் வந்தேன்.”

அதற்கு அவள் என்னை நாலு அறை விட்டிருக்கலாம். கல்யாணமாவது கச்சேரியாவது! வண்டியைப் பள்ளிக்கு விட்டேன். மணியடிக்கச் சொல்லி, எல்லோரையும் மைதானத்தில் நிறுத்தி, பட்டுப்புடவையோடு மைக்கைப் பிடித்தேன். “எனக்குக் காய்ச்சல் இல்ல. கல்யாணத்துக்குக் கிளம்பினேன். பொய் சொல்லிட்டேன்.” கணக்கு ஆசிரியர்கூடச் சிரிக்கவில்லை.

சைக்கிளை மிதித்து வந்த தலைவி மூச்சு வாங்க மேடையேறினாள். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினாள்.

“எதுக்கு லீவுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க டீச்சர். நேரமாவுது, தாலி கட்டிருவாங்க.”

அத்தனை பேர் முன்னாலும் நின்றபடியே, என் உத்தியோகத்தில் முதல் தடவையாக, காய்ச்சல் இல்லாத ஒரு விடுப்புக் கடிதம் எழுதினேன்.