கணக்கில் வராத இருமல்

விஷக் காய்ச்சல் பரவிய வருடம், நான் நர்ஸாக இருந்த சாத்தூர் ஆஸ்பத்திரிக்கு மதராஸிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். கிருமி நுரையீரலின் ரத்தக் குழாய்களில் எப்படிப் பரவும் என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டே கண்டுபிடிப்பவர். நோயாளிகளைத் தொடமாட்டார். பட்டாசுத் தொழிலாளிகளான அவர்கள் உடுப்பில் ஒட்டிவரும் வெடிமருந்துத் தூசிக்குப் பயந்து எந்நேரமும் மூக்கில் கைக்குட்டை வைத்திருப்பார்.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து சலிக்கும் பெண் ஒருத்தி இருமிக்கொண்டே கேட்டாள்: “என் நெஞ்சையும் கொஞ்சம் பாக்கீகளா, ஐயா?”

“நான் ஆராயறது பொதுவான நுரையீரலம்மா. எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்றார், கைக்குட்டையை எடுக்காமலே.

“அது எந்தக் கம்பெனியில வேலை பாக்கு?”

அவள் நிஜமாகவே விசாரித்தாள். பேராசிரியர் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். சாயங்கால ரயிலுக்குக் கிளம்பும்வரை சீவிக்கொண்டே இருந்ததாக ஞாபகம்.