விஷக்காற்றுக் கதைகள் மீது எனக்குள்ள புகார்

டிராகன் வரும் தடித்தடி நாவல்கள் எனக்குப் பிடிக்கும். தூக்கத்துக்கு நல்லது. முதல் பக்கத்திலேயே மலை, காடு, எரிமலை எல்லாம் போட்டு ஒரு வரைபடம் இருக்கும். அந்த ராஜ்ஜியத்தில் சோறு எங்கிருந்து வருகிறது என்று மட்டும் போடமாட்டார்கள். எழுநூறு பக்கம் குதிரையில் போகிறவனுக்கு ஒரு தடவைகூட இடுப்பு பிடிக்காது. டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே தினமும் பைக் ஓட்டிவிட்டு வந்து விழுகிற நான் அதை எப்படி நம்புவேன்?

அறிவியல் புனைகதை வேறு. அதை நம்பித் தொலைக்கிறேன். விண்கல் கதை படித்த வாரம் மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போகவில்லை. இயந்திரங்கள் கலகம் செய்யும் நாவலை முடிக்கும்வரை மிக்ஸியைத் தொடவில்லை. அதற்கு முன் எப்போது தொட்டாய் என்பாள் மனைவி. அது தனி வழக்கு.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எர்ணாவூரில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், காற்று விஷமாகிவிட்ட ஒரு கிரகத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். மனைவிக்கு வீசிங். மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினாலே நெஞ்சு விசிலடிக்கும். எங்கள் ஏரியாக்காரர்களுக்கு மூக்கே செய்தித்தாள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஜன்னலைச் சாத்துவோம். உரமூட்டை நாற்றம் என்றால் திட்டுவோம். அம்மோனியா என்றால் யோசிப்பதில்லை: துண்டை நனைத்து மூக்கில் கட்டு, இறங்கி ஓடு. ஒருமுறை பட்டவர்கள் நாங்கள்.

நாற்பதாம் பக்கத்தில் கிரகவாசிகள் இரும ஆரம்பித்தார்கள். எனக்கு மூக்கு எரிந்தது. கண்ணில் தண்ணீர். அம்மோனியாவேதான்.

கதாநாயகன் என்றால் அந்த இடத்தில் கருவிகளைச் சரிபார்ப்பான். நான் "கேஸு! கேஸு!" என்று அலறினேன். மனைவியின் முகத்தில் ஈரத்துண்டைச் சுற்றி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படிகளில் ஓடினேன். என் சத்தத்துக்கு பிளாக் முழுவதும் இறங்கியது. வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த கீழ்வீட்டு அம்மா மட்டும் எழவில்லை. காற்றை மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கிட்ட வா நைனா."

போனேன்.

"மீசைல இன்னாத்த தடவிகினு கீற?"

நரைக்குப் பூசிய டை. ஊறட்டும் என்றுதான் புத்தகத்தையே எடுத்தேன். பூசும்போதும் இதே நெடிதான். அப்போது அது டை. நாற்பதாம் பக்கத்தில் அது அம்மோனியா.

"மூக்குக்குக் கீயயே ஃபேக்டரிய வெச்சிகினு எங்கள ஓட வுட்டியே மாமு!" என்றார் இரண்டாம் மாடிக்காரர். "இன்னா, பொண்ணு பாக்கப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களைவிடச் சத்தமாக நான் சிரித்தேன். ஊர் ஓட்டும்முன் நானே என்னை ஓட்டிக்கொள்வது என் பழைய தந்திரம். சிரித்துக்கொண்டே திரும்பினால், மனைவி தண்ணீர்த்தொட்டித் திட்டில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்குகிறது. அன்றைக்குக் காற்று நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கு மூச்சடைத்தது, நான் இழுத்த இழுப்பில்.

மறுபடி மூன்று மாடி ஏறி இன்ஹேலர் எடுத்துவந்தேன். இரண்டு முறை இழுத்தாள். துண்டால் விசிறினேன். யாரும் சிரிக்கவில்லை. அவளுக்குப் பேச்சு வர வெகுநேரம் ஆயிற்று.

"அந்தப் புக்குல கடைசில இன்னாதான் ஆவுது?"

"இன்னும் முடிக்கல. எப்பவும் கப்பலேறி வேற கிரகத்துக்குப் போயிடுவாங்க."

"மூச்சு வாங்கறவங்களுமா?"

யோசித்தேன். முப்பது வருடமாகப் படிக்கிறேன். அந்தக் கப்பலின் படிக்கட்டில் நின்று நின்று ஏறிய ஒருத்தியைக்கூடப் பார்த்ததில்லை. என் புகார் அவ்வளவுதான்.

"தெரியல" என்றேன்.

"சரி, வா. வூட்டுக்குப் போலாம்."

முதல் மாடியில் ஒருமுறை நின்றோம். இரண்டாவதில் மூன்றுமுறை. திரும்பிப் பார்த்தேன். படிக்கட்டு முழுக்க ஆட்கள், ஈரத்துண்டுகளோடு. யாரும் முந்திப் போகவில்லை.