பசியில்லாத வாய்கள்

பன்னிரண்டு வருடங்களாக அவள் குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

கடை அப்படி அமைந்திருந்தது. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. முன்னால் சாலையைப் பார்த்த ஜன்னல். அதன் வழியாக டோக்கன் கிழித்துக் கொடுப்பாள், தூண்டில் கழிகளை வாடகைக்குத் தருவாள், டீ போடுவாள். பின்கதவைத் திறந்தால் குளம். அது கணவருடைய ராஜ்ஜியம். "கடை உனக்கு, தண்ணி எனக்கு" என்று தொழில் தொடங்கிய அன்று அவர் சொன்னதை அவள் நீதிமன்றத் தீர்ப்பைப் போல எடுத்துக்கொண்டாள். எல்லாரும் அவளை 'டோக்கன் அக்கா' என்று கூப்பிட்டார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

அந்தக் குளத்தில் பிடித்த மீனை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. மணிக்கணக்கில் கட்டணம் கட்டிவிட்டு, கரையில் போட்டிருக்கும் பன்னிரண்டு பலகைகளில் ஒன்றில் உட்கார வேண்டும். மீன் மாட்டினால் ஈரக் கையால் தூக்கி, எடை பார்த்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும்.

"பிடிச்சதை விடுறதுக்கு எதுக்குய்யா காசு?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

"சினிமாவுக்குக் காசு குடுத்துப் போறீங்களே, கதாநாயகியைக் கையோட கூட்டிட்டா வர்றீங்க?" என்பார் கணவர்.

ஆகவே குளத்திலிருந்த பழைய, பெரிய கெண்டை மீன்கள்தான் அவர்கள் தொழிலின் முதலீடு. பன்னிரண்டு வருடம் வளர்ந்த மீனை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது. வாடிக்கையாளர்கள் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். பதினொரு மணிக்கு ஒரு முறை கரையோரமாகச் சுற்றிவந்து எல்லாரையும் மேற்பார்வை பார்த்துவிட்டுப் போகும் தடித்த மீனுக்கு 'மேனேஜர்' என்று பெயர். யார் தூண்டிலிலும் சிக்காமல், நூலை அறுத்துவிட்டு நிதானமாக நகர்ந்துபோகும் இன்னொன்றுக்கு 'மாமியார்'. இரண்டு தெரு தள்ளி கடை வைத்திருந்த தையல்காரர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து அந்த மாமியாருக்காகவே ஆறு வருடம் தவம் இருந்தார்.

பிறகு நோய் வந்தது.

முதல் வாரம் விடுமுறை போல இருந்தது. இரண்டாவது வாரம் ஊரடங்கு நீண்டது. தையல்காரர் கடையை மூடிவிட்டு வீட்டில் முகக்கவசம் தைக்க ஆரம்பித்தார். குளத்தில் பன்னிரண்டு பலகைகளும் காலியாகக் கிடந்தன. ஒன்பதாம் நாள் கணவருக்குக் காய்ச்சல் வந்தது. பதினோராம் நாள் ஆம்புலன்ஸ் வந்தது.

கவச உடை போட்ட இரண்டு பேர் அவரைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். அவளைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்கள். இருபது வருடம் ஒரே தட்டில் கை வைத்தவளுக்குப் பத்தடி! ஏறும்போது அவர் திரும்பிப் பார்த்தார். மூச்சு வாங்கியது. "மீனைப் பாத்துக்க" என்றார். அவ்வளவுதான். கதவு சாத்தப்பட்டது.

அவளுக்குத் தொற்று இல்லை. ஆனாலும் பதினான்கு நாள் வெளியே வரக் கூடாது என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

பாத்துக்க. ஒருவரைப் பார்த்துக்கொள்வது என்றால் அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. நேரத்துக்குச் சாப்பாடு போடுவது. பிள்ளையில்லாத வீட்டில் அந்தக் கைக்கு இதுவரை ஒரே ஒரு ஆள்தான் கிடைத்திருந்தார். இப்போது குளம் நிறையக் கிடைத்தது.

கொட்டகையில் தீனி மூட்டைகள் அடுக்கியிருந்தன. காலையில் ஒரு டின், மதியம் ஒரு டின், சாயங்காலம் ஒரு டின் என்று வீசினாள். அவர் எவ்வளவு போடுவார் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டதே இல்லை. கேட்கலாம் என்றால் அவர் முகத்தில் பெரிய மூச்சுக் கருவியை மாட்டியிருந்தார்கள். போன் எடுக்கும் நிலையில் அவர் இல்லை.

இன்னொரு காரியமும் செய்தாள். குளத்தின் நடுவே, இரண்டு மிதவைகளின் மேல், தண்ணீரை வாரி இறைக்கும் சக்கரம் ஒன்று உண்டு. வெள்ளைத் துளிகள் வெயிலில் பளபளக்கும். வாடிக்கையாளர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கரண்டு தின்னும் அந்த அலங்காரம் இப்போது யாருக்கு? பார்க்க ஆளில்லாத கல்யாணத்துக்கு மேளம் எதற்கு? சுவிட்சை அணைத்தாள். ஒரு கடைக்காரி செய்யக்கூடிய மிக நியாயமான சிக்கனம் அது.

நாளாக ஆகத் தண்ணீர் கரும்பச்சையாகிக்கொண்டு வந்தது. மீன்களோ அவளிடம் நெருங்கிவிட்டன. விடியற்காலையில் போனால் குளம் முழுக்க வாய்கள். மேலே வந்து, வட்ட வட்டமாகத் திறந்து, மூடி, திறந்து. அவளுக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. "நேத்து சாயங்காலம்தானே போட்டேன்? அதுக்குள்ள பசியா? இருங்க, இருங்க, அவசரப்பட்டா எப்படி?" என்று பேசிக்கொண்டே இன்னும் இரண்டு கை கூடுதலாகப் போட்டாள். வெயில் ஏறியதும் அவை உள்ளே போய்விடும். வயிறு நிறைந்துவிட்டது என்று அவளும் எழுந்து போவாள். வேறு எவரும் தன்னைத் தேடாத அந்த நாட்களில், அந்த வாய்கள்தான் அவளை எழுப்பி உட்கார வைத்தன.

அவர் போன ஒன்பதாம் நாள் காலை ஆறரை மணிக்குப் போன் அடித்தது. வீடியோ அழைப்பு.

"அம்மா, நான் வார்டு சிஸ்டர் பேசறேன். இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்லை. ரெண்டு நிமிஷம்தான். நீங்க பேசுங்க, அவர் கேக்கட்டும்."

திரையில் ஒரு முகம். தாடி முளைத்து, கன்னம் ஒட்டி, மூக்கையும் வாயையும் மூடிய பிளாஸ்டிக்குக்குப் பின்னால். அது தன் கணவர்தான் என்று கண்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அழக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். அவருக்குச் சந்தோஷம் தரக்கூடிய ஒன்றைக் காட்ட வேண்டும். கரைக்கு ஓடினாள்.

"என்னங்க, இங்க பாருங்க! எல்லாரும் உங்களைப் பாக்க வந்திருக்காங்க. மேனேஜர் முன்னாடியே நிக்கறாரு. நான் ஒரு குறையும் வெக்கல, மூணு வேளையும் போடறேன். அப்படியும் பாருங்க, வாயை மூடவே மாட்டேங்கறாங்க!"

போனைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினாள். நூற்றுக்கணக்கான வாய்கள் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

திரையில் அவர் கண்கள் பெரிதாயின. கையைத் தூக்கி முகத்திலிருந்த கருவியை இழுத்தார்.

"ஐயா, கழட்டாதீங்க!" என்றது சிஸ்டரின் குரல்.

"பசி... இல்ல" என்றார். ஒரு மூச்சு. "மூச்சு முட்டுது." இன்னொரு மூச்சு. "சக்கரம்... போடு."

"அது அழகுக்குத்தானேங்க?"

அவருக்கு இருமல் வந்தது. திரை ஆடியது. "அப்புறம் கூப்பிடறேம்மா" என்று சிஸ்டர் துண்டித்துவிட்டார்.

கையில் தீனி டின்னோடு அவள் நின்றாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள். உண்மையாகவே பார்த்தாள். நேற்று வீசிய தீனி கரையோரம் தொடப்படாமல் ஊறி மிதந்தது. எந்த வாயும் அதைத் தொடவில்லை. அத்தனை வாய்களும் கேட்டது காற்றை! சற்று முன் திரையில் பார்த்த அதே வாய். அதே தவிப்பு. ஐயோ, இத்தனை நாளும் மூச்சுக்குத் துடித்தவர்களின் வாயில் அல்லவா அவள் சோற்றைத் திணித்துக்கொண்டிருந்தாள்!

டின்னை வீசி எறிந்துவிட்டுச் சுவிட்சுக்கு ஓடினாள். சக்கரம் 'ம்ம்ம்' என்று முனகியது. சுற்றவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். முனகல்தான். பக்கத்தில் பெரிய மீன் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து வெள்ளை வயிற்றைக் காட்டியது.

போனை எடுத்துத் தையல்காரரைக் கூப்பிட்டாள். ஐந்தாவது நிமிடம் சைக்கிள் கேட்டில் வந்து நின்றது.

"அண்ணே, உள்ள வராதீங்க! எனக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு!"

"நல்லா இருக்கே தங்கச்சி! ஆறு வருஷமா அந்த மாமியார் என்னை அலைய விட்டிருக்கா. என் கையில மாட்டாம அவளைச் சாக விட்டுடுவேனா? நீ அந்தக் கரைக்குப் போ. நான் இந்தக் கரை." இரண்டு முகக்கவசங்களை ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, அறுபது வயதில், கேட்டில் ஏறிக் குதித்தார்.

சுவிட்சை அணைத்துவிட்டு, கயிற்றைப் பிடித்து மிதவையைக் கரைக்கு இழுத்தார். மூடியைத் தூக்கிப் பார்த்தவர், "அடக் கடவுளே!" என்றார். சக்கரத்தின் அச்சைச் சுற்றிக் கொத்துக்கொத்தாக நைலான் நூல். வருஷக்கணக்கில் தூண்டிலிலிருந்து அறுந்துபோன நூல் தண்ணீரில் மிதந்துவந்து சுற்றிக்கொள்ளும். வாரா வாரம் கணவர் அதை வெட்டி எடுப்பார். நின்றுபோன சக்கரத்தில் அது பாசியோடு சேர்ந்து இறுகிவிட்டிருந்தது.

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு. தையல் மெஷின் பாபின்ல நூல் சிக்கின மாதிரி ஆயிருக்கு. இது என் ஊட்டு வேலை!" சட்டைப் பையிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தார். "ஆனா நேரம் ஆகும். அதுவரைக்கும் தண்ணியை அடி, தங்கச்சி. எதையாவது எடுத்து அடி, தண்ணியில காத்து கலக்கட்டும்!"

அவள் ஒரு பலகையைப் பெயர்த்து எடுத்தாள். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் குளத்தில் கால் வைக்கிறாள். காலடியில் சேறு வழுக்கியது. அடித்தாள். துளிகள் பறந்தன. மறுபடி அடித்தாள். சற்று நேரத்தில் மீன்கள் அவளை நோக்கி வந்தன. அவள் கிளப்பிய நுரையில் முகத்தை நீட்டிக்கொண்டு, தொடையில் இடித்து, முழங்காலை உரசி, ஒன்றன் மேல் ஒன்று ஏறி. "சாகாதீங்க. அவர் வந்து கேப்பார். சாகாதீங்க" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். தோள்கள் மரத்துப்போயின. உள்ளங்கையில் தோல் கிழிந்தது. அன்று அவள் அழவில்லை. அழ நேரம் இருந்தால்தானே!

முக்கால் மணி நேரம் கழித்துச் சக்கரம் சுற்றியது.

மதியத்துக்குள் வாய்கள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. போகாதவை மிதந்தன. கைவலையால் அள்ளிக் கரையில் போட்டாள். மூச்சு முட்டும்போது பெரியவைதான் முதலில் போகும். நாற்பத்தொன்று. அதில் மேனேஜரும் இருந்தார். மோட்டார் சூடாகிவிட்டதென்று சக்கரத்தை நிறுத்திய தையல்காரர், எதிர்க்கரையில் குழி வெட்டிவிட்டு, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அவர்கிட்ட இதைச் சொல்லிட்டு நிக்காதே. இருக்கற நிலைமையில தாங்க மாட்டார். எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிடு. வந்தப்புறம் பாத்துக்கலாம்."

"சரிண்ணே" என்றாள்.

சொல்வது ஒன்றும் கஷ்டமில்லை. "நேத்துக்கூட பத்துக் கிலோ மாட்டுச்சு, நீங்கதான் வரல" என்று ஜன்னலில் உட்கார்ந்து தினமும் சொன்ன வாய்தான் அது. மாலை ஐந்து மணிக்கு மறுபடி சிஸ்டர் அழைத்தபோது, பொய்யைத் தயாராக நாக்கில் வைத்திருந்தாள்.

இந்தத் தடவை கருவி முகத்தில் இறுக்கமாக இருந்தது. பேச அனுமதி இல்லை. அவர் ஒரு காகிதத்தை மார்பில் வைத்து எழுதினார். சிஸ்டர் அதைத் திரைக்கு எதிரே பிடித்தார். கோணல் மாணலாக ஒரே சொல்.

'எத்தனை?'

எதுவும் போகவில்லை என்று சொல்லவே வாயைத் திறந்தாள். அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். மூச்சில்லாத மனிதன், இருந்த கொஞ்சத்தைச் செலவழித்து எழுதிய சொல். அதற்கு எதிரே அந்தப் பொய் வரவில்லை.

"நாப்பத்தொண்ணு" என்றாள். "பெரியவங்க. மேனேஜர் போயிட்டார். சக்கரத்தை நான்தாங்க நிறுத்தினேன். ஷோவுக்குன்னு நெனச்சுட்டேன். தீனியும் நான்தான் கொட்டினேன்."

அவர் கண்களை மூடிக்கொண்டார். சிஸ்டர் பதறி அருகே இருந்த எந்திரத்தின் எண்ணைப் பார்த்தார். அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கண் திறந்தது. கை காகிதத்தைத் தேடியது.

'மாமியார்?'

"இருக்காங்க. மத்தியானம் பாத்தேன். என்னைப் பாத்து ஒரு முறை முறைச்சுட்டுப் போனாங்க."

கருவிக்குள் ஏதோ பனி படர்ந்து கலைந்தது. சிரிப்பு என்று அவளுக்குத் தெரியும்.

அவர் எழுதினார். நெடுநேரம் எழுதினார். இரண்டு நிமிடம் என்ற சிஸ்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு டின். மேகம் போட்டால் அதுவும் வேண்டாம். சாயங்காலம் சக்கரம் போடு, வெயில் ஏறினால் நிறுத்து. வாரம் ஒரு தடவை நூல் வெட்டு. பன்னிரண்டு வருடத்தில் அவர் சொல்லாதது, அவள் கேட்காதது, மொத்தமே நான்கு வரி.

சிஸ்டர் படித்து முடித்ததும் அவள் டோக்கன் புத்தகத்தைத் திருப்பி, பின்னட்டையில் எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"சாயங்காலம்னா எத்தனை மணிக்குங்க?"

ஐந்து விரல்கள் உயர்ந்தன. பிறகு ஒரு விரல் பாதியாக மடங்கியது.

"அஞ்சரை. சரி. தண்ணி இவ்வளவு பச்சையா இருக்கே, மாத்தணுமா?"

தலை அசைந்தது.

"எவ்வளவு? பாதியா? கால்வாசியா? கிணத்து மோட்டாரைப் போட்டா போதுமா? இருங்க, ஒண்ணொண்ணா கேக்கறேன். நீங்க பேசாதீங்க. விரலை மட்டும் காட்டுங்க."

"அம்மா, டாக்டர் வர்ற நேரம்" என்றார் சிஸ்டர். பிறகு திரையில் அந்த விரல்களைப் பார்த்துவிட்டு, "சரி, சீக்கிரம் கேளுங்க" என்றார்.

மணி ஐந்து இருபத்தைந்து. அவள் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, பின்கதவைத் திறந்து, சுவிட்சை நோக்கி நடந்துகொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டாள்.